மிச்சமிருக்கும் எண்

ஏப்ரல் 28, திங்கள்

தஞ்சாவூர்க்காரர்களிடமிருந்து மெயில் வந்திருக்கிறது. மே 16, வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணிக்குக் காணொளியில் நேர்முகத் தேர்வு. தனியார் வேளாண்மைக் கல்லூரி, புள்ளியியல் துறை. வளாகத்துக்குள்ளேயே ஆசிரியைகளுக்கு விடுதி உண்டு. கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் குடிமுழுகிப் போகாது. சும்மாதான் விண்ணப்பித்தேன்.

விடுதி அறையில் மின்னடுப்பு வைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்று கேட்டுப் பதில் போட்டேன்.

வீட்டில் சொல்லவில்லை. சொல்வதற்கு இன்னும் ஒன்றும் நடக்கவில்லையே.

மகள் நிவேதா போன தடவை ஜெர்மனியிலிருந்து வந்தபோது எனக்கென்று விட்டுப்போன லேப்டாப்பில் வைஃபை வேலை செய்யவில்லை. ‘இணைந்தது. இணையம் இல்லை’ என்று காட்டுகிறது. இந்த வாக்கியத்தை எழுதியவர் கல்யாணமாகி நெடுநாள் ஆனவராக இருக்கவேண்டும்.

பச்சைப்பயறு ஊறப்போட்டேன்.

ஏப்ரல் 30, புதன்

இணைப்பு கொடுத்த நிறுவனத்தைக் கூப்பிட்டேன். ஒரு பெண் மிக இனிமையாகப் பேசினாள்.

“ரூட்டரை ஆஃப் பண்ணிட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணுங்க மேடம்.”

“ரூட்டர் கூண்டுக்குள்ள இருக்குங்க. சாவி என் வீட்டுக்காரர்கிட்ட இருக்கு.”

அவர்களுடைய கையேட்டில் இது இல்லை போலும். “அப்ப சாரைப் பேசச் சொல்லுங்க மேடம்” என்றாள்.

கூண்டைப் பற்றி எழுதிவைக்க வேண்டும். என் கணவர் குழந்தைவேலு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் மேனேஜர். அங்கே ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஓர் எண் உண்டு. தகட்டில் பொறித்து ஒட்டுவார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஃபேன் ஒன்று, ஃபேன் இரண்டு. சமையலறைக் குழாய்க்கு ஏழு. ரூட்டருக்குக் கம்பிவலைக் கூண்டு செய்து, பூட்டுப் போட்டு, ‘அனுமதியின்றித் தொடாதே’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். கீழ்வீட்டில் தொடக்கூடிய ஆள் நான் ஒருத்திதான் என்பதால் அது எனக்கு எழுதிய கடிதம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

மே 2, வெள்ளி

அவரிடம் கேட்டேன். செய்தித்தாளை இறக்காமல் பதில் சொன்னார்.

“எல்லாருமே ஒரே நேரத்துல உக்காந்தா நெட்டு திணறத்தான் செய்யும். நீ வீட்லயேதானே இருக்கறே. எல்லாரும் வெளிய போனதுக்கப்பறம் பாரு, வரும்.”

எல்லோரும் வெளியே போனபிறகு பார்த்தேன். வரவில்லை. ஒரு கருதுகோளைத் தள்ளிவிடலாம்.

மே 4, ஞாயிறு

இந்த வீட்டில் இது சித்திரை மாதம் தொடங்கிய வியாதி. அதற்கு முன் லேப்டாப் ஒழுங்காகத்தான் இருந்தது. சித்திரையில் நடந்த மாற்றம் ஒன்றே ஒன்று: என் கொழுந்தன் தண்டபாணி, மனைவி சுமித்ரா, குழந்தைகளோடு மாடியில் குடிவந்தது. அவர் எண்கணிதம் பார்க்கிறார். முன்னால் டயர் கடை வைத்திருந்தார். கடை நொடித்துப்போனதற்குப் பெயர்ப்பலகையின் கூட்டுத்தொகையே காரணம் என்று கண்டுபிடித்தார். அந்தக் கண்டுபிடிப்பே இப்போது தொழில்.

எங்கள் முன்னறையில்தான் ஆட்கள் வந்து உட்காருகிறார்கள். இன்றைக்கு ஒரு செங்கல் சூளைக்காரர், ஒரு பல் டாக்டர், கல்யாணம் தள்ளிப்போகிற ஒரு பெண்ணும் அவளுடைய அப்பாவும். காப்பி நான். காத்திருக்கிற நேரத்தில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்:

“அக்கா, வைஃபை பாஸ்வேர்டு என்னங்க்கா?”

அது சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. விருந்தோம்பல்.

மே 6, செவ்வாய்

செல்போன் இணையத்தை லேப்டாப்புக்குத் தரலாம் என்று படித்தேன். எங்கள் வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் அடுக்குமாடி. கீழே பேசத்தான் சிக்னல் எட்டும், இணையம் வராது; மொட்டைமாடியில் தண்ணீர்த்தொட்டிக்கு வடக்கே ஒரு மூலையில் மட்டும் வரும், மெயில் பார்ப்பதும் அங்கேதான். பகல் பதினொரு மணிக்கு அங்கே போய்க் குடையோடு உட்கார்ந்து பார்த்தேன். லேப்டாப் சூடேறித் தானாக அணைந்தது. எதிர் மாடியிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள்: “வடகம் போட்டிருக்கீங்களா, காக்கா பாத்துக்கறீங்களா?”

ஆமாம் என்றேன்.

ஜெராக்ஸ் கடை, தோழி வீடு எல்லாம் யோசித்தேன். தோழி வீடு என்றால் தோழிக்குச் சொல்லவேண்டும். கோயம்புத்தூரில் ஒரு தோழிக்குச் சொல்வதும் கல்யாண மண்டப மைக்கில் சொல்வதும் ஒன்று.

ஒரு பயன்: மாடியில் நின்றே செல்போனில் கொஞ்சம் படித்தேன். ரூட்டர் என்பது வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் கொடுக்கிறது. எங்கள் வீட்டில் எல்லாம் 192.168.1 என்று தொடங்கும். கடைசி எண் மட்டும் கருவிக்குக் கருவி மாறும். அந்த எண் கிடைத்தால்தான் வெளியுலகத்தோடு பேச முடியும். என் லேப்டாப்பின் எண் 169.254 என்று தொடங்குகிறது. அதற்கு அர்த்தம், அது கேட்டிருக்கிறது, பதில் வரவில்லை, திரும்பக் கேட்டிருக்கிறது, கடைசியில் தனக்குத் தானே ஏதோ ஓர் எண்ணை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது.

ஆக, நெட் திணறவில்லை. எனக்கு எண் தரப்படவில்லை.

மே 8, வியாழன்

ராத்திரிச் சாப்பாட்டின்போது, அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டே, “ரூட்டர் எப்படிங்க ஒவ்வொண்ணுக்கும் நம்பர் குடுக்குது?” என்று கேட்டேன். பதினெட்டு வருஷம் கல்லூரியில் பாடம் நடத்தியவள் நான். ஓர் ஆள் விரிவுரை ஆற்ற ஏங்கிக்கொண்டிருக்கிறார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும். ரசம் ஆறிப்போகும் வரை பேசினார்.

“கண்டவனெல்லாம் உள்ள வரக்கூடாதுன்னு ரெண்டுலயிருந்து இருவது வரைக்கும்தான் தொறந்து வெச்சிருக்கறன். அதுலயும் வீட்டாளுகளுக்கு நிரந்தர நம்பர். அந்த நம்பரு வேற யாருக்கும் போகாது. அப்பாவோட போனுக்கு ரெண்டு.”

“மாமா போய் ஒரு வருஷம் ஆச்சுங்களே.”

“அதுக்குன்னு எடுத்தர்றதா? பெரியவங்க எடம் அது.” அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. தொடர்ந்தார். “எனக்கு மூணு. நிவேதாவுக்கு நாலு. தண்டபாணிக்கு அஞ்சு, அவன் ராசிக்கு அதுதான் ஆகும். சுமித்ரா, குழந்தைங்க, மேல டிவி, கீழ டிவி, கேட் கேமரா, தண்ணி மோட்டாரு, பிரிண்டரு…”

“எட்டு யாருக்குங்க?”

“எட்டு யாருக்குமில்லை. எட்டும் ஆகாது, பதினேழும் ஆகாது; ஒண்ணும் ஏழும் கூட்டுனா எட்டு. தண்டபாணிதான் சொன்னான். அந்த ரெண்டையும் இல்லாத ஒரு மெஷின் பேர்ல எழுதிப் பூட்டிப்போட்டேன். இனி ஜென்மத்துக்கும் எவனுக்கும் போகாது.” இதைச் சொன்னபோது அவர் முகத்தில் அணை கட்டியவரின் களை.

“எனக்குங்க?”

“உனக்கெதுக்குத் தனியா? மிச்சம் ரெண்டு மூணு இருக்குமல்ல, அதுல எது கெடைக்குதோ எடுத்துக்கோ. வந்தவங்க போனவங்களுக்கும் அதுலதான். ஒருத்தருக்குக் குடுத்தா ஒரு வாரம் அவங்க பேர்லயே இருக்கும். அப்பறம் தானா வந்துரும்.”

செங்கல் சூளைக்காரரும் பல் டாக்டரும் என் எண்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர்களுடையது காலாவதியாவதற்குள் அடுத்த பல் டாக்டர் வந்துவிடுவார். இரண்டு டிவிக்கும், தண்ணீர் மோட்டாருக்கும், காலமான மாமாவுக்கும், இல்லாத ஓர் இயந்திரத்துக்கும் இடம் இருக்கிறது.

பாத்திரம் தேய்த்துக் கவிழ்த்தேன். மாமாவை நான்கு வருஷம் புரட்டிப் படுக்கவைத்த கை இது. அதற்காகத்தான் வேலையை விட்டது. அதைப் பற்றி எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. எண்ணைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மே 10, சனி

நேராகவே கேட்டுவிட்டேன். “என் லேப்டாப்புக்கு ஒரு நிரந்தர நம்பர் குடுத்துருங்க.”

“குடுத்தாப் போச்சு. டேய் தண்டபாணி, அண்ணிக்கு எந்த நம்பர்டா ஒத்துவரும்?”

தண்டபாணி விரலை மடக்கிக் கூட்டினார். முகம் வாடியது. “அண்ணி பேரே எட்டுல வருதுங்கண்ணா. கனகமணிங்கற பேரு அப்படி. எட்டுக்காரங்களுக்கு எதைக் குடுத்தாலும் இழுத்துக்கிட்டுத்தான் போகும். வைகாசி பொறக்கட்டும். பதினெட்டாந் தேதி ஞாயித்துக்கெழமை நல்லாருக்குது, அன்னைக்குப் பாத்துப் போட்டுக்கலாம்.”

“அவசரம் ஒண்ணுமில்லையே கனகு?” என்றார் இவர்.

நேர்முகம் பதினாறாம் தேதி. “இல்லைங்க” என்றேன்.

மே 12, திங்கள்

மின்னடுப்புக்கு அனுமதி உண்டாம். ஒற்றை அடுப்பு, சிறியது.

இட்லிக்கு அரைத்தேன். கேட் கேமராவில் பூனை.

மே 13, செவ்வாய்

லேப்டாப் ரூட்டரிடம் கேட்டுத்தான் எண் வாங்கவேண்டும் என்று விதி இல்லை. அமைப்புகளுக்குள் போய், ‘தானாகப் பெறு’ என்பதை மாற்றிவிட்டு, நாமே ஓர் எண்ணை எழுதலாம். ஒரே ஆபத்து, அதே எண்ணோடு இன்னொரு கருவி வந்து நின்றால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஆகவே வேறு யாரும் வரவே வராத எண் வேண்டும்.

இருபதுக்கு மேலே எதையாவது எழுதியிருக்கலாம். இருபதைத் தாண்டியும் திறந்துவிடலாமென்று இவருக்கு எப்போது தோன்றும் என்று சொல்ல முடியாது. வருவதற்கான நிகழ்தகவு சுத்தமாகச் சுழியம் என்று நான் கையெழுத்துப் போட்டுத் தரக்கூடிய எண்கள் இந்த வீட்டில் இரண்டுதான்: எட்டு, பதினேழு. பூட்டு போட்டுக் காவல் காக்கிறார்கள்.

என் பெயரும் எட்டுதானாம். எட்டு என்று எழுதினேன்.

வேலை செய்கிறது.

மே 15, வியாழன்

எல்லோரும் வெளியே போயிருந்த சமயம் நிவேதாவோடு காணொளியில் ஒத்திகை பார்த்தேன். படம் தெளிவாக இருக்கிறதாம். பின்னாலிருக்கும் மிளகாய்ப்பொடி டப்பாவை மட்டும் எடுக்கச் சொன்னாள்.

“அப்பாகிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லவேண்டிய நேரத்துல சொல்லிக்கலாம்.”

“வேலை கெடைச்சா வாரக்கடைசியில வீட்டுக்கு வந்துருவியாம்மா?”

“பஸ் வசதி எப்படின்னு பாக்கணும்.”

“கோயம்புத்தூருக்கும் தஞ்சாவூருக்குமா? எந்நேரமும் பஸ்தானம்மா.”

“அப்படியா” என்றேன். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். அங்கே மழையா என்று கேட்டேன்.

மே 16, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மில்லில் இயந்திரங்களை நிறுத்திச் சுத்தம் செய்வதால் இவர் மதியத்துக்கு மேல் போனால் போதும் என்று வீட்டிலேயே இருந்தார். இது என் கணக்கில் இல்லை. பத்து மணி தாண்டியிருக்கும்; நான் சாம்பல் நிறக் கைத்தறிப் புடவையைக் கட்டிக்கொண்டு, படுக்கையறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு, தண்ணீர் எடுக்கச் சமையலறைக்கு வந்தேன். கூடத்தில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கத்தினார்.

“டேய் தண்டபாணி! எறங்கி வாடா! எட்டுல எவனோ உக்காந்திருக்கான்!”

ரூட்டரின் செயலி ஒன்று அவர் செல்போனில் இருக்கிறது. வீட்டில் எந்தக் கருவி எந்த எண்ணில் இருக்கிறது என்று காட்டுமாம். தினமும் பார்ப்பதில்லை, இன்றைக்குக் காலையில் வீட்டிலிருந்ததால் பார்த்திருக்கிறார்.

தண்டபாணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். “எட்டுலயாங்கண்ணா? பூட்டித்தானே வெச்சிருந்தோம்?”

“பூட்டை ஒடைச்சிட்டான்டா. எதிர் அபார்ட்மென்ட்டுல தங்கியிருக்கற பசங்களாத்தான் இருக்கும். இரு, ஒரே அமுக்கு. பிளாக் பண்ணிட்டா ஜென்மத்துக்கும் வர முடியாது.” விரல் திரைக்கு மேலே நின்றது.

இருபத்துமூன்று வருஷக் குடித்தனத்தில் நான் சத்தம் போட்டுப் பேசிய சந்தர்ப்பங்கள் குறைவு. இன்றைக்கும் சத்தம் போட்டதாக நினைக்கவில்லை. ஆனால் மாடிப்படியில் சுமித்ரா எட்டிப் பார்த்தாள்.

“அது நான்தாங்க.”

இருவரும் திரும்பினார்கள். முதலில் புடவையைத்தான் பார்த்தார்கள்.

“நீயா? எங்க கெளம்பிட்டே?”

“எங்கயுமில்லைங்க. பதினோரு மணிக்கு இன்டர்வியூ. கம்ப்யூட்டர்லதான். தஞ்சாவூர்ல ஒரு காலேஜ்.”

“தஞ்சாவூரா?” என்றார். ஏதோ நான் செவ்வாய்க் கிரகத்துக்குப் போகிறேன் என்று சொன்ன மாதிரி. “எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நம்பர் குடுத்திருப்பேனே?”

“கேட்டேனுங்க. வைகாசி பொறக்கட்டும்னீங்க.”

“நேத்தே பொறந்துருச்சல்ல!”

தண்டபாணி இடையில் புகுந்தார். “அண்ணி, சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. வெள்ளிக்கெழமை பத்தரையிலருந்து பன்னெண்டு ராகு காலம். உங்க பேரும் எட்டு, உக்காந்த எடமும் எட்டு. அவிங்க வாயத் தொறந்து ஒரு கேள்விகூடக் கேக்கமாட்டாங்க. அண்ணா, நம்ம வீட்டு நல்லதுக்குத்தான் சொல்றன், பிளாக் பண்ணிருங்க.”

விரல் இன்னும் திரைக்கு மேலேயே இருந்தது. அந்த விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

“நீங்க அன்னைக்கு வெளக்குனதை வெச்சுத்தாங்க இதைப் பண்ணுனேன். வேற எந்த வீடா இருந்தாலும் இந்த நம்பர்ல இன்னேரம் யாராச்சும் வந்து முட்டியிருப்பாங்க. நீங்க அவ்வளவு சுத்தமாப் பூட்டி வெச்சிருந்ததாலதான் எனக்கு எடம் கெடைச்சுது. உங்க செட்டிங்கு அப்படி.”

இது மரியாதைக்குச் சொன்னது. வேறு நோக்கம் இருந்ததாக நினைவில்லை.

அவர் செல்போனைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். “ஏன்டா, நான் போட்ட நெட்வொர்க்குல ராகு வந்து என்னடா பண்ணுவான்?”

“அண்ணா, எட்டு…”

“போடா, மேல போய் டிவிய நிறுத்து. குழந்தைகளோட போனையும் நிறுத்து. இன்டர்வியூ நடக்கறப்ப லோடு எகிறக்கூடாது.”

கூண்டுச் சாவியை எடுத்துக்கொண்டு ரூட்டருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். முன்னறைக்கு வந்த ஆட்களை வாசலோடு திருப்பி அனுப்பினார். காப்பி கிடையாது.

மறுபுறத்தில் மூன்று பேர். அதில் ஒருவருடைய கேமரா கடைசிவரை மின்விசிறியையே காட்டிக்கொண்டிருந்தது. கேள்விகள் அந்த மின்விசிறியிடமிருந்துதான் நன்றாக வந்தன. மாதிரியெடுப்பில் பிழை, சிறு விவசாயிகளின் விளைச்சல் தரவு, எல்லாம் நான் பாடம் நடத்தியவை. பிறகு ஓர் அம்மையார் கேட்டார்.

“நடுவுல அஞ்சு வருஷம் வேலை பாக்கலையே, ஏன்?”

“மாமனார் படுக்கையில இருந்தார் மேடம். நான்தான் பாத்துக்கிட்டேன். போன வருஷம் தவறிட்டார்.”

“இப்ப வீட்டுல பாத்துக்கவேண்டியவங்க யாராவது?”

யோசித்தேன். “படுக்கையில யாரும் இல்லை மேடம். எல்லாரும் நல்லாத்தான் நடமாடிக்கிட்டு இருக்காங்க.”

மின்விசிறி சிரித்தது.

படம் ஒருமுறைகூட உறையவில்லை. முடித்துவிட்டு வெளியே வந்தேன். “கட் ஆச்சா?” என்றார். “இல்லைங்க.” “எப்படி ஆகும்!” என்று கூண்டைப் பூட்டினார். நேர்முகத்தில் என்ன கேட்டார்கள் என்று கேட்கவில்லை.

மே 18, ஞாயிறு

இன்றைக்குத்தான் எனக்கு எண் தருவதாக இருந்த நல்ல நாள். யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பொள்ளாச்சி நாத்தனாரிடம் இவர் போனில் பேசியது கூடம் முழுக்கக் கேட்டது. “கனகுக்கு இன்டர்வியூ நம்ம வீட்டுலயே வெச்சிட்டேன். தனி லைன் மாதிரி ஒரு நம்பர் ஒதுக்கிக் குடுத்து, ஒரு மணி நேரம் சும்மா கண்ணாடி மாதிரி ஓடுச்சு. அவ என்ன பண்ணுவா பாவம், கேள்விக்குப் பதில் சொன்னா. மத்ததெல்லாம் நான்தான்.”

திருத்தலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது, போய்விட்டேன்.

மே 23, வெள்ளி

வேலை கிடைத்துவிட்டது. ஜூன் இரண்டாம் தேதி சேரவேண்டும்.

மதியம் சொன்னேன். சாயங்காலம் மில்லிலிருந்து வந்ததும், “நெசமாவே போகணுமா? இந்த வயசுல தனியா, விடுதியில… வீட்டை யாரு பாக்கறது?” என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நான் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. பொள்ளாச்சி. நிவேதா அவளுக்குச் சொல்லியிருக்கிறாள். நிவேதாவுக்கு நான் சொல்லியிருந்தேன். அவள் அத்தைக்கும் சொல்வாள் என்று நான் எப்படி எதிர்பார்க்க முடியும்.

“அண்ணா, கெடைச்சிருச்சாமே! எல்லாம் உன் கைராசின்னு இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். மாப்பிள்ளை ஒருத்தருக்கு வெளிநாட்டு இன்டர்வியூ இருக்குது, உன் வீட்டுல உக்கார வெச்சாத் தேவலைங்கறாரு.”

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “வரச்சொல்லு. அதே நம்பர்லயே உக்காரட்டும்.”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். போகாதே என்று இனிச் சொன்னால் அவர் செய்துமுடித்த வேலை பாழ். அது அவருக்கும் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்டால், புள்ளியியலில் காரணம் வேறு, உடன்நிகழ்வு வேறு.

மே 29, வியாழன்

தண்டபாணி தொழிலில் ஒரு திருத்தம் செய்திருக்கிறார். எட்டு எல்லோருக்கும் கெடுதல் இல்லையாம். வீட்டை விட்டு வெளியூர் போகிறவர்களுக்கு அது யோக எண்ணாம். இன்று வந்த இருவரிடம் என்னைச் சாட்சியாகக் காட்டினார். தலையாட்டினேன்.

ஜூன் 1, ஞாயிறு

சிங்காநல்லூர் பேருந்து நிலையம். பெட்டியை இவரே தூக்கிக்கொண்டு வந்து மேலே வைத்தார். பக்கத்து இருக்கை அம்மாவிடம், நான் எந்த வேலைக்குப் போகிறேன், அது எப்படிக் கிடைத்தது என்று விளக்கினார். ரூட்டர், கூண்டு, எல்லாம். அந்த அம்மா, “உங்களை மாதிரி வீட்டுக்காரர் யாருக்குங்க அமையும்” என்றார்கள். நான் ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

வண்டி கிளம்பும் நேரத்தில் கீழே இறங்கி, ஜன்னலுக்கு அருகே வந்து நின்றார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

“அங்க ரூம்ல நெட்டு வரலீன்னா நீயா எதையும் நோண்டாதே. ஒடனே எனக்குப் போன் பண்ணு. நான் வந்து செட் பண்ணித் தர்றேன்.”

“செரிங்க” என்றேன்.

விடுதிக் காப்பாளரிடம் இதைப் போன வாரமே கேட்டுவிட்டேன். மூன்று மாடிக்கும் நன்றாக வருகிறதாம்.